வாசலில் தவணைக்காரர்: முதல்முறை கடன் தவறியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நாலு வருடம் நான் வேலிக்கு வெளியே நின்றவன். ஒரு நிதிக் கம்பனிக்காகக் களுவாஞ்சிகுடியிலிருந்து கல்முனை வரைக்கும் மோட்டார் சைக்கிளில் தவணை சேர்த்தேன். கிழமையில் ஒரு நாள் குருமண்வெளித் துறையில் பாதை (வாவியைக் கடக்கும் மிதவை) ஏறி மண்டூர்ப் பக்கமும் போவேன். இப்போது சின்னதாக ஒரு கொமினிகேஷன் கடை வைத்திருக்கிறேன். போட்டோகொப்பி எடுக்க வருகிறவர்களில் வாரத்துக்கு இரண்டு மூன்று பேரின் கையில் கடன் கடிதம் இருக்கும். அதை என்னிடம் நீட்டி, "தம்பி, இதுக்கு மறியலா?" என்று, அதாவது சிறைக்குப் போக வேண்டி வருமா என்று, மெதுவாகக் கேட்பார்கள்.

அந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன். கடனைக் கட்டாமல் தப்புகிற வழி இதில் இல்லை. வாங்கியதைக் கட்டத்தான் வேண்டும். ஆனால் கட்டி முடிக்கிற வரைக்கும் யாரும் உங்கள் வாசலில் நின்று ஊர் கேட்கக் கத்தலாம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

நான் வேலையில் சேர்ந்த முதல் வாரம் மேலாளர் சொல்லித் தந்த பாடம் இன்னும் காதில் நிற்கிறது. "கதைக்கிறது எல்லாம் வாயால. பேப்பரில ஒண்டும் குடுக்காத." பயமுறுத்தலுக்கு ஆதாரம் இருக்கக் கூடாது என்பதுதான் அதன் பொருள். நீங்கள் அதை அப்படியே தலைகீழாகச் செய்யுங்கள். அவர் எதைச் சொன்னாலும் "எழுத்தில் தாங்கோ" என்று கேளுங்கள். கீழே வரும் எல்லாப் படிகளும் இதைச் சுற்றித்தான்.

வந்தவர் யார்?

வேலிக்கு வெளியே நிறுத்தியே கேட்கலாம். உள்ளே கூப்பிட வேண்டிய கட்டாயம் இல்லை. பெயர், கம்பனி அடையாள அட்டை, உங்கள் கடன் இலக்கம் மூன்றையும் கேளுங்கள். கம்பனி ஊழியர் இல்லாமல் வசூலிப்பதற்காக அமர்த்தப்பட்ட வெளி ஆள் என்றால், அவருக்கு அதிகாரம் கொடுத்த கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். உண்மையாக வந்தவர் காட்டுவார். நான் காட்டியிருக்கிறேன், அதில் எனக்கு ஒரு குறையும் வரவில்லை. "அதெல்லாம் உனக்கெதுக்கு" என்று பாய்கிறவரிடம் ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

அடுத்தது, கடன் தந்த இடம் எந்த வகை என்று தெரிந்துகொள்ள வேண்டும். முறைப்பாடு எங்கே போக வேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கும். வங்கிகள், 2011ஆம் ஆண்டின் 42ஆம் இலக்க நிதித்தொழில் சட்டத்தின் கீழ் உரிமம் பெற்ற நிதிக் கம்பனிகள், 2016ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நுண்நிதியளிப்புச் சட்டத்தின் கீழ் உரிமம் பெற்ற கம்பனிகள் எல்லாம் மத்திய வங்கியின் மேற்பார்வையில் இருக்கின்றன. பெயர்ப் பட்டியல் மத்திய வங்கியின் இணையத்தளத்தில் இருக்கிறது. பார்க்கத் தெரியாவிட்டால் 1935க்கு அழைத்துக் கேட்கலாம். சமுர்த்தி வங்கிக் கடன் என்றால் பிரதேச செயலகம். கூட்டுறவுச் சங்கக் கடன் என்றால் மாகாணக் கூட்டுறவுத் திணைக்களம். கடையில் தவணைக்கு வாங்கிய குளிர்சாதனப் பெட்டி, தையல் மெசின் பற்றிய தகராறு என்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977. ஊர் வட்டிக்காரர் இந்தப் பட்டியலில் எதிலும் வரமாட்டார். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

போனில் செயலியை இறக்கிக் கடன் எடுத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தச் செயலி உங்கள் போனில் உள்ள எல்லா இலக்கங்களையும் எடுத்து வைத்திருக்கும். பிறகு உங்கள் மாமியாருக்கும் பாடசாலை அதிபருக்கும் செய்தி அனுப்பும். முதலில் போன் அமைப்பில் போய் அந்த அனுமதியை நிறுத்துங்கள். வந்த செய்திகளைப் படமெடுத்து வையுங்கள். செயலியை அதற்குப் பிறகு அழிக்கலாம். அவசரத்தில் முதலிலேயே அழித்தால் ஆதாரமும் அதோடு போய்விடும்.

எவ்வளவு கடன்?

எங்களுக்குத் தெரிந்து உங்களுக்குத் தெரியாத ஒரே விசயம் இதுதான். வாசலில் நின்று "நாப்பத்தெட்டாயிரம் நிலுவை" என்று சொல்லும்போது அதில் முதல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, தாமதக் கட்டணம் எவ்வளவு, வீட்டுக்கு வந்ததற்கான 'விசிட் சார்ஜ்' எவ்வளவு என்று பத்தில் ஒன்பது பேர் கேட்டதில்லை. கேட்ட ஒருவருக்கு நான் கிளைக்குப் போய்க் கணக்கு எடுத்துக் கொடுத்தேன். அதில் ஒரே மாதத்துக்கு இரண்டு முறை விசிட் சார்ஜ் விழுந்திருந்தது. அவர் கேட்டபடியால் ஒன்றைக் கழித்தார்கள். கேட்காத மற்றவர்களின் கணக்கு அப்படியே இருந்தது.

ஆகவே கிளைக்குப் போய் முழுக் கணக்குக் கூற்றையும், நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் பிரதியையும் எழுத்தில் கேளுங்கள். தமிழில் விளக்கம் தரச் சொல்லுங்கள். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் தமிழ் ஊழியர் இல்லாத கிளை அரிது.

வட்டியையும் நீங்களே ஒருதரம் போட்டுப் பாருங்கள். "மாதம் இரண்டு வீதம்தான் அக்கா" என்று நானும் சொல்லியிருக்கிறேன். 50,000 ரூபாய்க் கடன், 12 மாதம், முழுத் தொகைக்கும் மாதம் 2 வீதம் என்றால் வட்டி 12,000. மொத்தம் 62,000, மாதத் தவணை ஏறத்தாழ 5,167. கேட்பவருக்கு வருடத்துக்கு 24 வீதம் என்று தோன்றும். ஆனால் மாதாமாதம் நீங்கள் முதலையும் திருப்பிக் கொடுத்துக்கொண்டு வருகிறீர்கள். கடைசி மாதத்தில் உங்கள் கையில் இருப்பது நாலைந்தாயிரம்தான், வட்டியோ இன்னும் ஐம்பதாயிரத்துக்கே ஓடுகிறது. குறைந்துவரும் மீதிக்குக் கணக்குப் பார்த்தால் அது வருடத்துக்கு 41 வீதத்துக்கும் மேலே போகும். இது சட்டவிரோதம் என்று சொல்ல வரவில்லை. அடுத்த கடனை எடுக்கும் முன் இதைத் தெரிந்திருந்தால் நல்லது.

கட்டுகிற பணத்தைக் கிளையிலோ வங்கிக் கணக்கிலோ கட்டுங்கள். கையில் கொடுத்தால் அந்த இடத்திலேயே பற்றுச்சீட்டு வாங்குங்கள். சின்ன மெசினில் அடித்துத் தரும் வழுவழுப்பான சீட்டு ஆறு மாதத்தில் வெளுத்து வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். வாங்கிய அன்றே போனில் படமெடுங்கள், இல்லாவிட்டால் ஒரு போட்டோகொப்பி எடுங்கள். (என் வியாபாரத்துக்காகச் சொல்லவில்லை.)

அவர் செய்யக்கூடியது, செய்யக்கூடாதது

வரலாம், கேட்கலாம், போன் எடுக்கலாம், கடிதம் அனுப்பலாம், வழக்குப் போடலாம். கடன் தகவல் பணியகத்தில், அதாவது எல்லாரும் 'கிரிப்' என்று சொல்கிற இடத்தில், உங்கள் நிலுவை பதிவாகும். அது 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த அமைப்பு. அங்கே கறுப்புப் பட்டியல் என்று ஒன்று இல்லை. நீங்கள் கடன் கட்டிய வரலாறு மட்டும்தான் இருக்கும், அதைப் பார்த்துக் கடன் தருவதா இல்லையா என்று அந்தந்த வங்கி முடிவெடுக்கும். ஆகவே "உன்ட பேரை கிரிப்பில போட்டு வெளிநாடு போகவிடாமப் பண்ணுவன்" என்பது வெறும் வாய்ப்பேச்சு.

செய்யக்கூடாதவை வேறு. அனுமதி இல்லாமல் வளவுக்குள் புகுந்து, போகச் சொல்லியும் போகாமல் இருந்து அச்சுறுத்துவது, குற்றவியல் அத்துமீறலாக முறையிடக்கூடியது. பணம் தராவிட்டால் அடிப்பேன், பெயரைக் கெடுப்பேன் என்று பயமுறுத்துவது குற்றவியல் மிரட்டல், தண்டனைச் சட்டக்கோவையின் 483, 486 பிரிவுகள். சண்டைக்கு இழுக்கும் நோக்கோடு தூசணத்தால் திட்டுவது 484. பெண்களிடம் இரட்டை அர்த்தத்தில் கதைப்பது, "காசு இல்லாட்டி வேற வழி இருக்கு" என்று சொல்வது 345ஆம் பிரிவில் வரும் பாலியல் தொல்லை. இந்தக் கடைசி விசயத்தைப் பெண்கள் வெளியே சொல்வதில்லை. சொல்லாதபடியால்தான் சிலர் துணிகிறார்கள் என்பதை நான் அலுவலக அறையில் இருந்தே பார்த்திருக்கிறேன். 2018இல் வெளிநாட்டுக் கடனும் மனித உரிமையும் பற்றிய ஐக்கிய நாடுகளின் சுயாதீன நிபுணர் இலங்கைக்கு வந்தபோது, நுண்கடன் வசூலிப்பில் பெண்கள் படும் பாட்டைத் தன் அறிக்கையிலேயே எழுதினார். ஆகவே "இதெல்லாம் ஒரு முறைப்பாடா" என்று யாரும் உங்களைத் திருப்பி அனுப்ப முடியாது.

வீட்டுச் சாமானைத் தூக்கிக்கொண்டு போவதும் முடியாது. டிவி, சைக்கிள், நெல் மூட்டை எதுவானாலும், வழக்கு நடந்து தீர்ப்பு வந்து, நீதிமன்றக் கட்டளையோடு பிஸ்கல் (நீதிமன்ற அதிகாரி) வந்தால்தான் கைப்பற்றலாம். அப்போதுகூட உடுதுணி, படுக்கை, தொழில் கருவி, கமக்காரருக்குத் தேவையான விதைநெல் போன்றவற்றுக்குக் குடியியல் நடைமுறைச் சட்டக்கோவையின் 218ஆம் பிரிவு விலக்குத் தருகிறது. தவணைப் பணத்துக்குத் தையல் மெசினைத் தூக்கிய கதையை மருதமுனையிலும் கேட்டேன், ஆலையடிவேம்பிலும் கேட்டேன். அப்படி நடந்தால் அதைக் களவாகவோ கொள்ளையாகவோ பொலிஸில் முறையிடலாம்.

சரி, மறியல்? கடனைக் கட்ட முடியவில்லை என்ற ஒரு காரணத்துக்காகப் பொலிஸ் உங்களைப் பிடித்துக்கொண்டு போக முடியாது. கடன் சிவில் விவகாரம். பொலிஸ் நிலையத்துக்கு அழைத்து "இந்தாளுக்கு எப்ப காசு குடுப்பாய்" என்று தவணை போட்டுக் கொடுப்பது பொலிஸின் வேலை இல்லை.

ஆனால் ஒரு விசயத்தில் கவனம், காசோலை. வங்கிக் கணக்கில் பணம் இல்லாமல் காசோலை கொடுத்து அது திரும்பினால் நிலைமை வேறு. 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவீட்டுச் சட்டத்தின் 25ஆம் பிரிவு அதைக் குற்றமாக்குகிறது, நீதவான் நீதிமன்றம் வரைக்கும் போகும். இதனால்தான் சில இடங்களில் கடன் தரும்போதே தொகை எழுதாத காசோலையை வாங்கி வைக்கிறார்கள். வெற்றுக் காசோலை, வெற்றுத் தாள், நிரப்பாத படிவம் மூன்றிலும் கையெழுத்து வைக்காதீர்கள். ஏற்கெனவே வைத்திருந்தால் எத்தனை வைத்தீர்கள், காசோலை இலக்கம் என்ன என்று இன்றைக்கே ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள்.

கடிதம் எழுதுங்கள்

இதுதான் முக்கியமான படி, பலர் பாய்ந்து கடக்கிற படியும் இதுதான். முதலில் ஒரு கொப்பி வாங்குங்கள். யார் வந்தார், எந்த நாள், எத்தனை மணி, என்ன சொன்னார், பக்கத்தில் யார் நின்றார் என்று ஒவ்வொரு முறையும் எழுதுங்கள். வட்ஸ்அப்பில் வந்த குரல்பதிவை அழிக்காதீர்கள். மறுகா, கிளை முகாமையாளருக்கு ஒரு கடிதம். நான் கடையில் எழுதிக் கொடுக்கிற மாதிரி இதுதான்:

"ஐயா / அம்மணி, எனது கடன் இலக்கம் இது. எனக்கு இத்தனை தவணை நிலுவை இருப்பதை அறிவேன். நெல் விலை வீழ்ச்சியால் (அல்லது நோய், வேலை இழப்பு) முழுத் தவணை கட்ட முடியவில்லை. இந்த மாதத்திலிருந்து மாதம் இத்தனை ரூபாய் கட்ட முடியும். முதல், வட்டி, ஏனைய கட்டணங்களைத் தனித்தனியாகக் காட்டும் கணக்குக் கூற்றைத் தயவுசெய்து தரவும். இன்ன திகதி, இன்ன நேரம் உங்கள் ஊழியர் என் வீட்டுக்கு வந்து இவ்வாறு நடந்துகொண்டார். இனிமேல் தொடர்புகளை எழுத்தில் வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறேன்."

பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் சீட்டைக் கடிதப் பிரதியோடு சேர்த்துக் குத்தி வையுங்கள். கிளையில் நேரில் கொடுத்தால் உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். கோபத்தைக் கடிதத்தில் கொட்ட வேண்டாம். "உங்கட ஆள் நாய்" என்று எழுதிய கடிதம் ஒன்றைத் திருத்திக் கொடுக்க எனக்கு ஒரு மணித்தியாலம் போனது.

கட்ட முடிகிற தொகையைச் சொல்லும்போது உண்மையைச் சொல்லுங்கள். எங்கள் பக்கத்துக் கமக்காரருக்கு மாதச் சம்பளம் இல்லை. பெரும்போக அறுவடை மாசி, பங்குனியில்தான் கைக்கு வரும். வாவியில் தொழில் செய்கிறவருக்கும் காற்றுக் காலத்தில் வருமானம் இல்லை. கிழமைத் தவணைக் கடன் இந்த வாழ்க்கைக்கு ஒத்துவராது என்பது கம்பனிக்கும் தெரியும், ஆனாலும் தருவார்கள். ஆகவே "மாசியில் இத்தனை, ஆவணியில் இத்தனை" என்று உங்கள் அறுவடையோடு பொருந்தும் அட்டவணையை நீங்களே முன்வையுங்கள். அவர்கள் பெரும்பாலும் மாற்றுத் திட்டமாகப் புதுக் கடன் ஒன்றை நீட்டுவார்கள். பழைய நிலுவை, வட்டி, தாமதக் கட்டணம் எல்லாம் சேர்ந்து அதில் புது முதலாகிவிடும். பிறகு அதற்கும் வட்டி. என்னைக் கேட்டால், கணக்குக் கூற்றைப் பார்க்காமல் அந்தப் படிவத்தைத் தொடவே வேண்டாம்.

பதில் இல்லை, தொல்லை நிற்கவில்லை என்றால்

மத்திய வங்கியில் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களம் என்று ஒன்று 2020இலிருந்து இயங்குகிறது. 1935 அதன் இலக்கம்தான். 2023 ஆகஸ்டில் நிதியியல் நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளும் வர்த்தமானியில் வந்தன. மத்திய வங்கியின் கீழ் உள்ள நிறுவனங்கள் வாடிக்கையாளரை நியாயமாக நடத்த வேண்டும், முறைப்பாட்டைப் பெற்று விசாரிக்க ஒழுங்கு வைத்திருக்க வேண்டும் என்பது அவற்றின் சாரம். திணைக்களம் முதலில் கேட்பது "கம்பனிக்கு முறையிட்டீர்களா, பதில் என்ன" என்றுதான். மேலே சொன்ன கடிதமும் தபால் சீட்டும் இங்கேதான் கைகொடுக்கும். வெளி ஆள் வந்து தொல்லை கொடுத்திருந்தாலும் முறைப்பாட்டைக் கம்பனியின் பெயரிலேயே எழுதுங்கள். அனுப்பியது அவர்கள்தானே.

கொழும்பில் நிதி ஒம்புட்ஸ்மன் அலுவலகமும் இருக்கிறது. வங்கி, நிதிக் கம்பனி தொடர்பான பிணக்குகளை இலவசமாகக் கேட்கும், தபாலில் அனுப்பலாம். அங்கேயும் முதலில் கம்பனிக்கு முறையிட்டிருக்க வேண்டும்.

மிரட்டல், அடி, பாலியல் தொல்லை என்றால் இந்த வரிசைக்காகக் காத்திருக்க வேண்டாம். அது நேரே பொலிஸ், அவசரம் என்றால் 119. முறைப்பாட்டைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள், அது உங்கள் உரிமை. அக்கரைப்பற்றிலோ கல்முனையிலோ ஏறாவூரிலோ இது பெரிய சிக்கல் இல்லை. அம்பாறை நகரப் பக்கம் போனால் சிங்களத்தில் எழுதிக் கையெழுத்துக் கேட்கக்கூடும். வாசிக்கத் தெரியாத எதிலும் கையெழுத்து வைக்காதீர்கள், தெரிந்த ஒருவரை அழைத்துப்போய் வாசிக்கக் கேளுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தையும் புத்தகப் பக்கத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். முறையிடப் போகிறவர் பெண் என்றால், பொலிஸ் நிலையத்தில் உள்ள பெண்கள், சிறுவர் பிரிவைக் கேட்கலாம். 1938 பெண்களுக்கான உதவி இலக்கம். பொலிஸ் முறைப்பாட்டையே எடுக்க மறுத்தால் மனித உரிமைகள் ஆணைக்குழு, 1996. அதற்கு மட்டக்களப்பிலும் கல்முனையிலும் பிராந்திய அலுவலகம் உண்டு. சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணம் இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

கிராம சேவகரிடம் போவதில் தப்பில்லை. ஆனால் அவரால் கம்பனியைக் கட்டுப்படுத்த முடியாது. உங்கள் வருமானம் பற்றி ஒரு கடிதம் தருவார், அது பேச்சுவார்த்தைக்கு உதவும்.

லீசிங் வாகனம்

ஓட்டோ, மோட்டார் சைக்கிள், லேண்ட் மாஸ்டர் எதுவானாலும் லீசிங் முடியும் வரைக்கும் வாகனப் புத்தகத்தில் முழு உரிமையாளர் கம்பனிதான். இதை மறந்து பேச முடியாது. ஒப்பந்தத்தை முடித்து வாகனத்தைத் திரும்ப எடுக்கும் உரிமையை நீங்கள் கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கிறீர்கள். ஆனால் அந்த உரிமை, செங்கலடிச் சந்தியில் நாலு பேர் மறித்து, திறப்பைப் பிடுங்கி, பயணியை நடுத்தெருவில் இறக்கிவிடுகிற உரிமை இல்லை. 'சீசர்' என்று சொல்லப்படுகிறவர்கள் பெரும்பாலும் கம்பனி ஊழியர்களே அல்ல. ஒரு வாகனத்துக்கு இவ்வளவு என்று கூலிக்கு எடுக்கிறவர்கள்.

அவர்கள் வந்தால் ஒப்பந்தம் முடிக்கப்பட்டதாக உங்களுக்கு அனுப்பிய கடிதத்தையும், அவர்களுக்குக் கம்பனி கொடுத்த அதிகாரக் கடிதத்தையும் கேளுங்கள். கைகலப்புக்குப் போகாதீர்கள், போனால் குற்றவாளி நீங்களாகிவிடுவீர்கள். "பொலிஸ் நிலையத்துக்குப் போய்க் கதைப்பம்" என்று சொல்லுங்கள். அதைக் கேட்டதும் பாதிப் பேர் பின்வாங்குவதைக் கண்டிருக்கிறேன். மீறி எடுத்தால் உள்ளே இருந்த உங்கள் சாமான், கிலோமீட்டர் அளவு, டயர் நிலை எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். படம் எடுங்கள். அன்றைக்கே முறைப்பாடு கொடுங்கள். பிறகு வாகனத்தை எந்த விலைக்கு விற்றார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். குறைந்த விலைக்கு விற்றுவிட்டு மீதியை உங்களிடம் கேட்பது வழக்கம்.

வாகனத்தை ஒளித்து வைப்பதும் உதிரிப்பாகத்தைக் கழற்றி விற்பதும் வேண்டாம். அது உங்கள் மேல் குற்றவியல் முறைப்பாடு வர நீங்களே வழிசெய்து கொடுப்பது.

பிணை நின்றவர், குழுவில் இருந்தவர்

"கையெழுத்து மட்டும்தானே வைச்சன்" என்று வருகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்கு அதிகம் கவலை. முதலில் கடன்காரரைக் கேள், அவர் தராவிட்டால் என்னிடம் வா என்று சொல்லும் உரிமை பிணையாளிக்குப் பொதுச் சட்டத்தில் உண்டு. ஆனால் அச்சடித்த படிவங்களில் அந்த உரிமையைக் கைவிடுவதாக ஒரு வரி வழக்கமாக இருக்கும். ஆகவே கம்பனி நேரே பிணையாளியிடம் வரலாம். குழுக்கடனில் ஒருத்தி தவறினால் மற்றவர்கள் போட்டுக் கட்ட வேண்டும் என்று எழுதியிருக்கும். குழுவினர் கூடும் 'சென்டர்' கூட்டத்தில் அந்தப் பெண்ணைத் திட்டும் வேலையைப் பக்கத்து வீட்டுக்காரிகளே செய்துவிடுவார்கள், ஒபிசர் சும்மா கதிரையில் இருந்தால் போதும். நானும் இருந்திருக்கிறேன். பெருமைப்பட அதில் ஒன்றும் இல்லை.

பிணையாளியாக இருந்தால் நீங்களும் கணக்குக் கூற்றைக் கேளுங்கள். கட்ட வேண்டி வந்தால் உங்கள் பெயரில் பற்றுச்சீட்டு வாங்குங்கள். பிறகு கடன்காரரிடம் அதைத் திரும்பக் கேட்க அது வேண்டும். திருமணம் முடித்ததாலேயே கணவனின் கடனுக்கு மனைவி பொறுப்பாக மாட்டார். அவர் கையெழுத்து வைத்திருந்தால்தான் பொறுப்பு.

கடிதம் வந்தால்: எது எது?

சட்டத்தரணி அனுப்பிய கோரிக்கைக் கடிதம் நீதிமன்றக் கட்டளை இல்லை. ஆனால் பேசாமல் விடவும் கூடாது. வியாபார விசயமான கடிதத்துக்குப் பதில் சொல்லாமல் இருந்ததை, சொன்னதை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ள இடமுண்டு. பிழையான தொகை என்றால் "இந்தத் தொகையை ஏற்கவில்லை" என்று பதிவுத் தபாலில் பதில் போடுங்கள்.

மத்தியஸ்த சபையிலிருந்து வந்தால் பயப்படாமல் போங்கள். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த சபை அது. உங்கள் மேல் தீர்ப்பைத் திணிக்க அவர்களுக்கு அதிகாரம் இல்லை. இரண்டு பக்கமும் உடன்பட்டால் மட்டும் எழுதுவார்கள். உடன்படாவிட்டால் இணக்கம் காணவில்லை என்று சான்றிதழ் கொடுப்பார்கள். அங்கே கட்ட முடியாத தொகைக்கு வெட்கத்தில் தலையாட்டிவிடாதீர்கள்.

மாவட்ட நீதிமன்றத்திலிருந்து வழக்கு இலக்கத்தோடு வந்தால் அன்றைக்கே சட்டத்தரணியைப் பாருங்கள். மேலே காசோலை பற்றிச் சொன்ன 1990ஆம் ஆண்டுக் கடன் அறவீட்டுச் சட்டத்தின் கீழ் வங்கியோ நிதிக் கம்பனியோ வழக்குப் போட்டால், நீதிமன்றம் முதலிலேயே நிபந்தனையோடு ஒரு தீர்ப்பை எழுதிவிடும். நீங்கள் குறித்த நாளில் சத்தியக் கடதாசியோடு போய், எதிர்வாதம் செய்ய அனுமதி கேட்க வேண்டும். போகாவிட்டால் அது முடிந்த தீர்ப்பாகிவிடும். ஒப்பந்தத்தைப் பொறுத்து வழக்கு கொழும்பிலும் பதியப்படலாம். காணியை வங்கிக்கு ஈடு வைத்திருந்தால் இன்னும் அவசரம். சில கடன்களுக்கு வழக்கே இல்லாமல், பணிப்பாளர் சபைத் தீர்மானத்தோடு ஏலம் போடும் அதிகாரம் வங்கிகளுக்குச் சட்டத்தில் உண்டு.

பழைய கடன், வட்டிக்காரர் கடன்

1871ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டப்படி, எழுத்தில் உள்ள ஒப்பந்தத்துக்கு 6 வருடம், வாய்ச்சொல்லுக்கு 3 வருடம். அதற்குள் வழக்குப் போட வேண்டும். காணி ஈட்டுக்கு 10 வருடம். சுனாமிக்குப் பிறகு எடுத்த கடன் என்று சொல்லிக்கொண்டு யாராவது வந்தால் இதை நினைவில் வையுங்கள். ஆனால் நீங்கள் இடையில் ஒரு சிறு தொகை கட்டினாலோ, கடன் உண்டு என்று கையெழுத்து வைத்தாலோ அந்தக் காலம் புதிதாக ஓடத் தொடங்கும். "சும்மா ஆயிரம் ரூபா போடுங்கோ அக்கா, பைலை மூடிடலாம்" என்று நாங்கள் கெஞ்சியதன் பின்னால் இருந்தது இதுதான். வழக்கு வந்தால் காலம் கடந்தது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஊர் வட்டிக்காரரிடம் 1935 செல்லாது. ஆனாலும் கை கட்டி நிற்க வேண்டியதில்லை. 1918ஆம் ஆண்டின் பணக்கடன் கட்டளைச் சட்டத்தின்படி, அளவுக்கு மீறிய வட்டி என்று கண்டால் நீதிமன்றம் அந்தக் கொடுக்கல் வாங்கலைத் திரும்பத் திறந்து பார்க்கலாம். 1852ஆம் ஆண்டின் சிவில் சட்டக் கட்டளைச் சட்டத்தில், அறவிடும் வட்டி முதலைத் தாண்டக் கூடாது என்றும் இருக்கிறது. வங்கிக் கடனுக்கு வேறு விதி என்பதால் இதைத் தூக்கிக்கொண்டு வங்கிக்குப் போகாதீர்கள். வட்டிக்காரர் மிரட்டினால் அதுவும் பொலிஸ் முறைப்பாடுதான்.

2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சம் ரூபாய் வரையான நுண்கடனை அரசு தள்ளுபடி செய்ததைச் சொல்லி, "அது எனக்கும் வருமா" என்று இப்போதும் கேட்கிறார்கள். அது அந்த வருடத்து நிலுவைக்கு. இன்றைய கடனுக்கு அதை நம்பி இருக்காதீர்கள்.

கடன் நினைவில் இரவு தூக்கம் வராமல், உயிரை விடலாமா என்ற யோசனை வந்தால் 1926க்கு அழையுங்கள், தேசிய மனநல நிறுவனத்தின் உதவி இலக்கம் அது. கம்பனிக்கு நீங்கள் ஒரு கடன் இலக்கம்தான். வீட்டில் அப்படி இல்லை.

கடைசித் தவணை கட்டிய நாள்

பலர் கடைசித் தவணையைக் கட்டிய சந்தோசத்தில் நேரே வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அன்றைக்கே கிளையில் கேட்க வேண்டியவை இருக்கின்றன. கடன் முழுதும் தீர்ந்தது என்ற கடிதம். லீசிங் என்றால் வாகனப் புத்தகத்தை உங்கள் பெயருக்கு மாற்றத் தேவையான பத்திரங்கள். காணி என்றால் ஈட்டை நீக்கும் உறுதி, அதைக் காணிப் பதிவகத்தில் பதிந்தும் விட வேண்டும். சில மாதம் கழித்து கிரிப் அறிக்கையை எடுத்து நிலுவை இல்லை என்று இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம், நீங்கள் கொப்பியில் குறித்து வைத்த காசோலைகளும் கையெழுத்து வைத்த வெற்றுத் தாள்களும் எத்தனையோ, அத்தனையையும் எண்ணி வாங்குங்கள். "நாங்களே கிழிச்சுப் போடுறம்" என்பார்கள். வேண்டாம், வீட்டுக்குக் கொண்டுவந்து நீங்களே கிழியுங்கள்.